இரண்டு லாரிகளின் வணக்கம்

இஸ்திரி போட்ட சட்டையோடு யாராவது வந்து ரத்தினத்திடம் ஒரு கேள்வி கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். "இல்ல சார்." கேள்வி என்னவாக இருந்தாலும் சரி. சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட முதலில் இல்ல சார்தான். வயிறு நிறைந்திருப்பது அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

இதைச் சொல்லி ஊரப்பாக்கத்தில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. மனைவி கன்னியம்மாவே செய்வாள். ஆனால் அந்தப் பழக்கம் சும்மா வந்ததல்ல. பத்தொன்பது வயதில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குக் கிளீனராகப் போனார். ஒருநாள் லாரி ரிவர்ஸ் வரும்போது ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவர் சரிந்தது. "பின்னாடி நின்னு கை காட்டுனது நீதானா?" என்று முதலாளி கேட்டார். "ஆமா சார்" என்றார் ரத்தினம். உண்மை அதுதான். அன்றைக்கு மத்தியானமே வேலை போயிற்று. கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டிய டிரைவர் அதற்கப்புறமும் அந்த லாரியை ஒன்பது வருஷம் ஓட்டினான்.

அதற்குப் பிறகு டிராஃபிக் போலீஸ், ஆர்.டி.ஓ. ஆபீஸ், துறைமுக கேட் என்று எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். ஆமா சார் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. யோசித்துப் பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். கொசு கடித்தால் கை தானாகப் போகிறதே, அந்த மாதிரிதான். இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

பதினான்கு வருஷம் கண்டெய்னர் லாரி ஓட்டினார். ஒரு சின்ன உரசல்கூட இல்லை. அந்தப் பெயர்தான் அவரை நாற்பத்து மூன்றாவது வயதில் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு டெஸ்ட் டிரைவராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. யூனிஃபார்ம், பி.எஃப்., கேன்டீனில் சாப்பாடு. கன்னியம்மா முதல் நாள் அந்தச் சட்டையைத் துவைக்காமலே இரண்டு தடவை மடித்து வைத்தாள்.

அங்கே சோதித்துக்கொண்டிருந்தது இரண்டு லாரிகளை. முன்னால் போகிற லாரி, தான் எவ்வளவு வேகத்தில் போகிறது, பிரேக்கை மிதித்ததா இல்லையா என்பதையெல்லாம் பின்னால் வருகிற லாரிக்குக் கம்பியில்லாமல் சொல்லிக்கொண்டே போகும். ஒரு செகண்டுக்குப் பத்து தடவை சொல்லும். முன்னால் டிரைவர் பிரேக்கில் கால் வைத்த அதே நொடியில் பின் லாரி தானாகவே பிரேக் பிடித்துவிடும். அதனால் இரண்டும் நெருக்கமாகப் போகலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடுவே பன்னிரண்டே மீட்டர். காற்றை முன் லாரி கிழித்துக்கொண்டு போவதால் பின் லாரிக்கு டீசல் மிச்சம். பின் லாரியில் இருக்கும் டிரைவருக்கு ஸ்டியரிங் பிடிப்பது மட்டும்தான் வேலை, காலுக்கு வேலை கிடையாது. எதிரே இருப்பதைப் பார்க்கிற ரேடாரும் அதில் உண்டு. ஆனால் முன் லாரி நிற்கிறது என்று ரேடார் கண்டுபிடிக்கும்போது கொஞ்சம் தாமதமாகிவிடும். அந்தத் தாமதத்தைச் சரிக்கட்டத்தான் இந்தப் பேச்சே.

முன் லாரி ரத்தினம். பின் லாரி பென்னி.

பென்னிக்கு முப்பத்து நான்கு வயது, படப்பைக்காரன். முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். வாய் ஓயாது. இரண்டு லாரிக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒரு வாக்கிடாக்கி கொடுத்திருந்தார்கள். சோதனை சம்பந்தமாக மட்டும்தான் பேச வேண்டும் என்பது விதி. பென்னி அதில் மீன் விலையிலிருந்து சர்ச் பிரசங்கம் வரைக்கும் எல்லாம் பேசுவான்.

"அண்ணா, காலு சும்மா கெடக்குதுண்ணா. இதுக்குப் போயி சம்பளம் தர்றானுங்களே, எனக்கே பேஜாரா கீது."

"வாய மூடிக்கினு ஸ்டியரிங்கப் பிடிடா" என்பார் ரத்தினம். அவருக்குத் தம்பி இல்லை. இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வார்.

தினமும் காலையில் ஒரகடத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். படப்பை தாண்டும் இடத்தில், ஒரு செல்போன் டவருக்குக் கீழே, பென்னியின் மனைவி கிறிஸ்டினாவும் ஒன்பது வயது மகள் ஸ்நேகாவும் ஸ்கூல் வேனுக்காக நிற்பார்கள். கிறிஸ்டினா அங்கேயே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். முதல் தடவை அவர்களைப் பார்த்தபோது ரத்தினம் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினார். லாரி மூக்கை லேசாக இறக்கி நிமிர்ந்தது. அதே நொடியில், ஒரு இமைப்பொழுதுகூடப் பிந்தாமல், பின் லாரியும் மூக்கை இறக்கி நிமிர்ந்தது. பென்னி கையைக்கூட அசைக்கவில்லை.

ஸ்நேகா ரோட்டோரத்தில் குதித்தாள். அன்று சாயங்காலம் வீட்டில், "ரெண்டு லாரியும் எனக்கு வணக்கம் சொல்லிச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாளாம். அப்புறம் அது தினசரி வழக்கமாகிவிட்டது. டவர் வரும், ரத்தினம் ஒரு தட்டு, இரண்டு லாரியும் தலை குனிந்து நிமிரும், அந்தப் பெண் ஒரு ராணி மாதிரிக் கையை உயர்த்தும். வாக்கிடாக்கியில் பென்னியின் சிரிப்பு கேட்கும். ரத்தினத்துக்குக் குழந்தை இல்லை. அவருடைய நாளில் அதுதான் நல்ல நேரம்.

இதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகிறது என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும், இவ்வளவு சின்னதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

பார்த்தது ஜாய்சன். தாம்பரத்துப் பையன், முப்பது வயது எஞ்சினியர். டிரைவர்களை அண்ணா என்று கூப்பிடுகிற, தன் டிபன்பாக்ஸை நீட்டுகிற நல்ல ஆள். அன்று மேனேஜரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, டெய்லி படப்பைகிட்ட ஒரு பிரேக் சிக்னல் வருது. கேமராவுல பார்த்தா ரோடு காலியா இருக்கு. நீங்க பிரேக்கைத் தொட்டீங்களா? பயப்படாம சொல்லுங்க."

"இல்ல சார்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. பக்கத்தில் பென்னி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜாய்சன் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த இடத்தில் டவர் இருக்கிறது, அலைகள் குழம்பிப் பொய்யான செய்தி வருகிறது என்று அவருக்குத் தோன்றியது. படித்தவருக்கு அப்படித்தான் தோன்றும். டவரைச் சந்தேகப்பட்டாரே தவிர அண்ணாவைச் சந்தேகப்படவில்லை.

வெளியே வந்ததும் பென்னி சொன்னான்: "அண்ணா, சொல்லிடலாம்ணா. இன்னா, திட்டுவாங்க, அவ்ளோதான்."

"வேல பூடும்டா. உனக்கும் சேத்துப் பூடும்."

பத்து நாள் வணக்கம் இல்லை. பிரேக் மிதிக்கும் இடத்தில் இருந்த சென்சாரை மாற்றிப் பார்த்தார்கள். பொய்ச் செய்தி நின்றுவிட்டது என்று ஜாய்சன் மகிழ்ந்தார். பதினோராம் நாள் ஸ்நேகாவின் பிறந்தநாள். புதுக் கவுன் போட்டுக்கொண்டு நிற்பாள், இன்றைக்கு மட்டும் ஒரு தடவை என்று பென்னி கேட்டான். ரத்தினம் தட்டினார். இரண்டு லாரியும் குனிந்து நிமிர்ந்தன.

"இல்ல சார்" என்றார் ரத்தினம் இரண்டாம் முறையும், ஜாய்சன் அதையே கேட்டபோது.

அடுத்த வாரம் ஜாய்சன் அவர்களைக் கூப்பிட்டு விளக்கினார். "இனிமே அந்தப் பிரச்சினை வராதுண்ணா. சாஃப்ட்வேர்ல ஒரு சின்ன சேஞ்ச். பிரேக் சிக்னல் வந்தா பின் வண்டி உடனே பிடிக்காது. அரை செகண்ட் பார்க்கும். சிக்னல் தொடர்ந்து வந்தாத்தான் உண்மைன்னு எடுத்துக்கும்."

ரத்தினத்துக்கு அது முழுக்கப் புரிந்தது. அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆறாத விஷயம். அறுபதில் போகிற லாரி அரை செகண்டில் எட்டு மீட்டர் போய்விடும் என்பது பதினான்கு வருஷம் கண்டெய்னர் ஓட்டியவருக்கு யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதே பன்னிரண்டு மீட்டர். மிச்ச நாலு மீட்டர், சுமை ஏற்றிய லாரியில் பிரேக் இறுகுவதற்கே போதாது. அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். அவர் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தார்.

அது ஜனவரி மாதம். அந்த வெள்ளிக்கிழமை படப்பைச் சர்ச்சில் முழு இரவு ஜெபம். பென்னி வரவில்லை என்றுதான் சொன்னான். மறுநாள் வண்டி எடுக்க வேண்டும். கிறிஸ்டினாதான், வருஷத் துவக்கத்தில் குடும்பமாக நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தி அழைத்துப் போனாள். நாலரை மணிக்கு வீடு திரும்பி, குளித்துவிட்டு, பென்னி அப்படியே வேலைக்கு வந்தான்.

சனிக்கிழமை காலை ஏழேகால். ஒரகடம் தாண்டிப் படப்பையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். லாரிகளில் மணல் மூட்டைகள் ஏற்றியிருந்தது. வாக்கிடாக்கியில் பென்னி பேசிக்கொண்டேதான் வந்தான்.

"அண்ணா, இன்னிக்கு சனிக்கெழம. பாப்பாக்கு லீவு. வணக்கம் வேணாம். தூங்கிக்கினு கீது, நானே நைட்டு தோள்ல தூக்கிக்கினுதான் வூட்டுக்கு—"

மீடியன் இடைவெளியில் ஒரு ஆள் டூவீலரில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் நுழைந்தான். ரத்தினம் பிரேக்கில் ஏறி நின்றார். சிலிண்டர்காரனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலிருந்து வந்த இடியில் ரத்தினத்தின் லாரி முன்னால் தள்ளப்பட்டது. அவர் இறங்கி ஓடியபோது பின் லாரியின் கேபின் பாதிதான் இருந்தது. பென்னியை வெளியே எடுக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கம்பெனிக்காரர்கள் வந்து நின்றபோது கிறிஸ்டினா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ராத்திரி பூரா தூங்கல சார். தூங்கவே விடல நான். ஜெபத்துக்கு வாங்கன்னு இழுத்துட்டுப் போனேன் சார்." யாரும் கேட்காமலே அவள் உண்மையைச் சொன்னாள். அதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

விசாரணை ஏ.சி. அறையில் நடந்தது. ஜாய்சன் அழுது வீங்கிய முகத்தோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பொய்ச் செய்திகள் வந்ததால்தான் அரை செகண்டு வைத்தோம் என்று அவர் சொன்னதை எல்லோரும் நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படிப்பட்ட நேரத்துக்குத்தானே பின்னால் ஒரு டிரைவர் இருக்கிறார்? அவர் கால் ஒன்றேகால் செகண்டு கழித்துத்தான் பிரேக்கில் பட்டிருக்கிறது. விழித்திருக்கிற எந்த மனிதனுக்கும் அவ்வளவு நேரம் ஆகும் என்று அந்த அறையில் லாரி ஓட்டத் தெரிந்த ஒரே ஒருவருக்குத் தெரியும்.

மேனேஜர் கேட்டார்: "கடைசி நேரத்துல பென்னி உங்ககிட்ட வாக்கிடாக்கில பேசினாரா? முழிச்சிருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாக்கிடாக்கியில் வேறு பேச்சுப் பேசக்கூடாது என்பது விதி.

"இல்ல சார்."

தூக்கமின்மையால் டிரைவர் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. சோதனையை அதோடு நிறுத்திவிட்டார்கள். லாரிகளிலிருந்து ஆன்டெனாக்களைக் கழற்றினார்கள், கருவிகள் வந்த இடத்துக்கே போயின. ரத்தினத்தின் வேலை போகவில்லை. தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்டாஃப் பஸ்ஸை அவரிடம் கொடுத்தார்கள். அவர் காப்பாற்ற நினைத்தது பத்திரமாக இருந்தது.

பஸ் தினமும் அந்த டவரைத் தாண்டித்தான் போகும். ஸ்நேகா அதே இடத்தில் நிற்பாள். ஆனால் தாயும் மகளும் நாலடி தள்ளித் தள்ளி நிற்பார்கள். லாரி வந்தால் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கன்னியம்மா அவ்வப்போது போய்க் கிறிஸ்டினாவைப் பார்த்துவிட்டு வருவாள். செப்டம்பரில் ஒருநாள் வந்து புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு சர்ச்சுக்கே போறதில்லயாம். பைபிளத் தூக்கி பீரோ மேல போட்டுட்டா. புள்ள ஆத்தாகிட்ட எட்டு மாசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. 'நீதான் எங்கப்பாவத் தூங்க வுடல'ன்னு சொல்லிச்சாம். அதுக்கு இவ 'ஆமா, நான்தான்'றா. எனக்குக் கேக்கவே முடியல."

ரத்தினம் அன்றிரவு சாப்பிடவில்லை. கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "ஒரு பொம்பள உன்னோட பாவத்தத் தூக்கிக்கினு நிக்கிறா. போய் வாங்கிக்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் படப்பைக்குப் போனார். சர்ச் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. கிறிஸ்டினா வாசலில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபேனுக்குக் கீழே ஸ்நேகா குப்புறப் படுத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா" என்று கிறிஸ்டினா எழுந்தாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். பிரேக்கைத் தட்டியது, பிறந்தநாளன்று மறுபடி தட்டியது, மூன்று தடவை இல்லை என்றது, அரை செகண்டு, கடைசிவரை பென்னி பேசிக்கொண்டு வந்தது.

"அவன் தூங்கலம்மா. முழிச்சிக்கினுதான் இருந்தான். நான்தான் சொல்லல. நாளைக்கே ஆபீசுல போய்ச் சொல்லிடறேன். எழுதிக் குடுத்துடறேன். வேல போனாப் போவட்டும்."

கிறிஸ்டினாவின் கையிலிருந்த சிவப்புப் பேனா நோட்டின் மேலேயே நின்றது. மை ஊறி வட்டமாகப் பரவியது.

"என்ன பேசினாரு?" என்றாள்.

"பாப்பாக்கு இன்னிக்கு லீவு, வணக்கம் வேணாம்னான். நைட்டு தோள்ல தூக்கிக்கினு வந்தேன்னு சொன்னான். அதுக்குள்ள…"

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. அப்புறம் நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை ரத்தினம் சாகும்வரை மறக்கமாட்டார்.

"எட்டு மாசம்ணா. தெனமும் பஸ்ஸ ஓட்டிட்டு என் கண்ணு முன்னாடிதானே போனீங்க? என் பொண்ணு எங்கிட்ட பேசாம நிக்கறத பார்த்துட்டுத்தானே போனீங்க?"

ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கு ஆபீசுல சொன்னா என்ன கேப்பாங்க?"

"எதுக்கு பிரேக்கத் தொட்டேன்னு கேப்பாங்க."

"சொல்லுவீங்க."

"சொல்லுவேம்மா. இந்தத் தடவ சொல்லிடுவேன்."

"என் பொண்ணுக்கு வணக்கம் சொல்றதுக்குன்னு." கிறிஸ்டினா உள்ளே திரும்பிப் பார்த்தாள். குரல் இன்னும் இறங்கியது. "அவ அவங்கப்பா மாதிரி. ஒண்ணத் தோண்ட ஆரம்பிச்சா விடமாட்டா. அப்பா தூங்கலன்னா வண்டி ஏன் நிக்கலன்னு கேப்பா. மெஷின் லேட்டுன்னா ஏன் லேட்டுன்னு கேப்பா. இன்னைக்கு இல்லன்னாலும் படிச்சு பெரியவளானப்புறம் போய்க் கேப்பா. கடைசில எங்க வந்து நிக்கும்? அவ பொறந்தநாள்லதானே வந்து நிக்கும்?"

"அம்மா…"

"யாருகிட்டயும் போகாதீங்க. அவரு தூங்கலன்னு எனக்குத் தெரிஞ்சாச்சு. அது போதும். அவ என்னையே சொல்லிட்டு இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு."

"அது நியாயமில்லம்மா. உன் பேருல…"

"நியாயத்தப் பத்தி நீங்க பேசாதீங்கண்ணா."

பத்தொன்பது வயதுக்குப் பிறகு முதல் தடவையாக ஆமா சார் என்று சொல்லத் தயாராக வந்த மனிதர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். போகலாம் என்று செருப்பைத் தேடும்போது உள்ளேயிருந்து ஸ்நேகா வந்தாள். எட்டு மாதத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள். கையில் பென்சில்.

"பெரியப்பா."

"என்னாம்மா?"

"அன்னைக்கு முன் வண்டில நீங்கதானே இருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்ல? அப்பா நெஜமாவே தூங்கிட்டாரா?"

சர்ச்சில் பாட்டு முடிந்து ஜெபம் ஆரம்பித்திருந்தது. கிறிஸ்டினா நோட்டைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. ரத்தினத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றார் ரத்தினம்.

அந்தக் குழந்தை தாயின் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்று கேட்டது.

கிறிஸ்டினா ஆமென்று தலையசைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.